கண்ணுக்குத் தெரியாத தேய்மானம்

தண்டலத்தில் பெங்களூர் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து பேரம்பாக்கம் நோக்கிச் செல்லும் சாலையில், முன்பு நெல் விளைந்த இடங்களில் பண்டகசாலைகளும் கண்டெய்னர் முற்றங்களும் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்துகொண்டிருக்கும் மண்ணூர்ப் பகுதியில், லாரிகளின் வரிசை இன்னும் நெருக்கம் கொள்ளாத விடியற்காலை வேளையில், சாலையோரமாக இளைஞர்கள் ஓடுவதைக் காணலாம். அவர்களில் பலர் சீருடைப் பணியாளர் தேர்வை மனத்தில் வைத்து ஓடுகிறவர்கள். 1500 மீட்டரை ஏழு நிமிஷங்களுக்குள் கடந்தால்தான் இரண்டாம் நிலைக் காவலர் உத்தியோகத்தின் வாசல் ஆண்பிள்ளைகளுக்குத் திறக்கும், பெண்பிள்ளைகளுக்கு 400 மீட்டரை இரண்டரை நிமிஷத்தில் கடக்க வேண்டும். வேறு சிலர் ராணுவ ஆள்சேர்ப்பின் 1.6 கிலோமீட்டருக்காகத் தயாராகிறவர்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியபின், அறைக்குப் போய்ப் படுப்பதற்குமுன் நாலு சுற்று ஓடிவிட்டுப் போகிறவர்களும், சர்க்கரை வியாதிக்கு அஞ்சி வைத்தியர் சொற்படி வேகநடை போடும் நடுவயதினரும் இந்தக் கூட்டத்தில் உண்டு. இவர்கள் எல்லோருடைய நெஞ்சிலும் ஒரு லட்சியம் இருக்கிறது; மணிக்கட்டில் அநேகமாக ஒரு கடிகாரமும் இருக்கிறது. ஆனால் காலில் இருக்கும் ஷூவுக்கு வயது என்ன, அது எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்டால், பதில் சொல்லக் கூடியவர்கள் மிகச் சிலரே. கிழிந்தால் மாற்றலாம், சோல் பிரிந்தால் ஒட்டலாம், அதுவரையில் ஓடலாம் என்பதே பொதுவான அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் ஏன் பிசகானது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கிய நாள் முதலாக, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால் வரையில் பரந்துவிட்ட இந்தத் தொழிற்பிரதேசத்தில், எந்தப் பொருளுக்கும் ஓர் ஆயுட்கணக்கு உண்டு. வெல்டிங் முனை இத்தனை புள்ளிகளுக்குப் பிறகு மாற்றப்பட வேண்டும், எண்ணெய் இத்தனை மணிக்குப் பிறகு வடிக்கப்பட வேண்டும், பெல்ட் பழுதாவதற்கு முன்பே கழற்றப்பட வேண்டும் என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியிருப்பார்கள். அப்போலோவின் தொழிற்சாலை ஒரகடத்திலும் ஜே.கே. டயரின் தொழிற்சாலை ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலும் இயங்குகின்றன. அங்கே உருவாகும் கார் டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு ரப்பர் மேடுகளை வார்த்தே அனுப்புகிறார்கள். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறைந்து, மேல்பரப்பும் அந்த மேடும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது என்பதை எழுத்தறியாதவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மனிதனைச் சுமந்து ஓடும் பாதரட்சையில் அப்படி ஓர் அடையாளத்தை எவரும் வார்த்து வைப்பதில்லை. வைத்திருந்தாலும் அதை அடிப்புறத்தில் வைத்துப் பிரயோஜனம் இருந்திராது. ஏனென்றால் டயர் தேய்வது வெளியே, ஓட்டக் காலணி தேய்வது உள்ளே.

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள ஷூவின் அமைப்பைச் சற்றுக் கவனிக்க வேண்டும். தரையைத் தொடுவது அவுட்சோல் எனப்படும் கடின ரப்பர். பாதத்தைத் தொடுவது கழற்றிக் கழுவக்கூடிய மெல்லிய இன்சோல். இவ்விரண்டுக்கும் இடையே, பக்கவாட்டில் பெரும்பாலும் வெள்ளையாகத் தடித்துத் தெரியும் பாகமே மிட்சோல். ஓட்டக் காலணியின் சாரம் முழுவதும் இந்த நடுப்பாகத்தில்தான் இருக்கிறது. 1970-களின் நடுவிலிருந்து பெரும்பாலும் இ.வி.ஏ. என்ற ரசாயனப் பொருளால் இது செய்யப்பட்டு வருகிறது. கண்ணுக்குப் புலப்படாத லட்சக்கணக்கான நுண்ணறைகளும், ஒவ்வோர் அறையிலும் அடைபட்ட வாயுவும் சேர்ந்ததே இந்த நுரைப்பொருள். பாதம் தரையில் மோதும்போது அறைகள் அமுங்கி, மோதலின் வேகத்தைத் தணித்து, பாதம் எழும்போது மீண்டும் விரிகின்றன. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தரையிலிருந்து பாதத்துக்கு வரும் விசை உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை இருக்கும்; அறுபது கிலோ எடையுள்ள இளைஞனுக்கு அது நூற்றிருபதிலிருந்து நூற்றெண்பது கிலோ வரை. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் அடி என்று கொண்டால் ஒவ்வொரு பாதத்துக்கும் ஐந்நூறு. 500 கிலோமீட்டர் ஓடிய ஷூ ஒவ்வொன்றும் இரண்டரை லட்சம் தடவை இந்தப் பாரத்தை ஏற்று இறக்கியிருக்கிறது. அறைகளின் சுவர்கள் மடிந்து மடிந்து சுருக்கம் விழுந்து, சிலவற்றில் துளையும் கண்டு, உள்ளிருந்த வாயு மெல்லமெல்ல வெளியேறி, அமுங்கிய நுரை பழைய உயரத்துக்கு மீளாமல் நின்றுவிடுகிறது. இவ்வளவும் நடந்து முடிந்த பிறகும் அவுட்சோலின் வரிகள் அப்படியே இருக்கலாம். மேல்துணியில் ஒரு நூல்கூடப் பிரியாமலிருக்கலாம். சோப்புப் போட்டுத் துவைத்தால் புதிதுபோலவே பளபளக்கவும் செய்யலாம்.

சோதனைச்சாலைகள் சொல்வது

இந்தத் தேய்மானத்தை முதன்முதலில் தெளிவாக அளந்து சொன்ன ஆராய்ச்சிகளில் ஒன்று, அமெரிக்காவில் குக், கெஸ்டர், புருனே என்ற மூவர் 1985-இல் வெளியிட்டது. ஓடும் குதிகாலைப்போல் மோதும் இயந்திரத்தில் ஷூக்களைப் பொருத்தி அவர்கள் சோதித்தார்கள். சுமார் 80 கிலோமீட்டருக்குச் சமமான மோதல்களிலேயே, அதிர்ச்சியைத் தாங்கும் ஆற்றலில் கால்பங்கு போய்விட்டது. 160-லிருந்து 240 கிலோமீட்டருக்குள் அது மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்தது. 400-லிருந்து 800 கிலோமீட்டர் வரையிலான கட்டத்தில் அறுபது சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மனிதர்களே அணிந்து ஓடிப் பார்த்தபோது நஷ்டம் இவ்வளவு கடுமையாக இல்லை; 800 கிலோமீட்டர் ஓடிய பிறகும் ஏறத்தாழ எழுபது சதவீதம் மிஞ்சியிருந்தது. இவற்றைவிட நம்மவர்க்கு முக்கியமான மற்றொரு முடிவும் அந்த ஆராய்ச்சியில் உண்டு: விலை அதிகமான ஷூ, விலை குறைந்த ஷூ என்ற பேதமோ, தயாரிப்பாளர் யார் என்ற பேதமோ இந்தத் தேய்மானத்தில் காணப்படவில்லை. பதினையாயிரம் ரூபாய் ஷூ வாங்க வசதியில்லையே என்று ஏங்கும் பிள்ளைகள் இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் இருத்திக்கொள்வது நலம். அதன் பிறகு வேறு நுரைகள் பல வந்துவிட்டன, அவற்றில் சில இ.வி.ஏ.வைவிட நீடித்து உழைக்கின்றன என்பதும் உண்மையே. ஆயினும் நம் கடைகளில் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைப்பதில் பெரும்பகுதி இன்றும் இ.வி.ஏ.தான்.

2004-இல் இங்கிலாந்தில் வெர்தேஹோ, மில்ஸ் என்ற இருவர், ஓட ஓட ஷூவின் உட்புறத்தில் குதிகாலுக்கு அடியில் அழுத்தம் எவ்வாறு மாறுகிறது என்று அளந்தார்கள். 500 கிலோமீட்டருக்குப் பிறகு பாதத்தில் படும் உச்ச அழுத்தம் சராசரியாக இரண்டு மடங்காகியிருந்தது. 750 கிலோமீட்டர் ஓடிய நுரையை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது அறைச்சுவர்களின் சுருக்கங்களும் துளைகளும் பிரத்தியட்சமாகத் தெரிந்தன.

இவை எல்லாம் உண்மையாயின், தேய்ந்த ஷூவில் ஓடுகிறவன் அடுத்த நாளே அதை உணர்ந்திருக்க வேண்டாமா என்று வாசகர் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு 2009-இல் வெளிவந்த இன்னோர் ஆராய்ச்சி விடை தருகிறது. 24 பேரைப் புது ஷூவிலும், பிறகு அதே ஷூவில் 320 கிலோமீட்டர் சாலையில் ஓடிய பின்பும் சோதித்துப் பார்த்தபோது, தரையிலிருந்து உடம்புக்கு வரும் விசையில் வித்தியாசம் காணப்படவில்லை. ஆனால் பாதம் தரையில் தங்கும் நேரம் சற்று நீண்டிருந்தது, கணுக்காலும் உடம்பும் சாயும் கோணங்கள் சற்று மாறியிருந்தன. ஷூ இழந்ததை உடம்பு தன் அசைவை மாற்றி ஈடுசெய்துகொண்டுவிட்டது. ஓடியவருக்கோ அது தெரியவே இல்லை. இந்த இடத்தில்தான் விஷயத்தின் சூட்சுமம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. ஆரோக்கியமான சரீரம் ஷூவின் மரணத்தை அதன் சொந்தக்காரனிடமிருந்தே மறைத்துவிடுகிறது. அவ்வாறு மறைப்பதற்குத் தேவையான உழைப்பு ஆடுசதைக்கும் குதிகால் நரம்புக்கும் முழங்காலுக்கும் பங்கிடப்படுகிறது. அந்த உழைப்பைச் சில பேர் தாங்கிவிடுவார்கள். தாங்காதவர்கள் சில மாதங்கள் கழித்துக் கெண்டைக்கால் எலும்பில் வலி என்று வந்து நிற்பார்கள். அப்போது ஷூவின்மீது யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

வேலூரில் கற்ற பாடம்

பாதத்துக்கும் பாதரட்சைக்கும் உள்ள இந்த அந்தரங்க உறவை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த இடங்களில் ஒன்று, மண்ணூரிலிருந்து இதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் சில மணி நேரத்தில் அடையக்கூடிய வேலூர். 1914-இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, இங்கிலாந்தில் வைத்தியம் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்கள் ஏன் புண்ணாகிக் குறைகின்றன என்பதை ஆராய்ந்தார். நோய் சதையை அரித்துத் தின்றுவிடுகிறது என்பதே அக்காலத்து நம்பிக்கை. பிராண்ட் கண்டது வேறு: நோய் நரம்புகளைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்குகிறது, உணர்ச்சியற்ற பாதத்தை அதன் சொந்தக்காரர் தம்மை அறியாமலேயே நடந்து நடந்து அழித்துவிடுகிறார். ஒரு முள்ளோ கண்ணாடித் துண்டோ தைப்பதனால் மட்டும் இந்த நாசம் நேர்வதில்லை. அளவான பாரமே ஆயினும் அது ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை விழுவதனாலும் நேர்கிறது. வலி உணரும் மனிதன் நெடுந்தூரம் நடக்கும்போது தன்னை அறியாமலே நடையைச் சிறிது சிறிதாக மாற்றி, பாரத்தை ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குத் தள்ளிக்கொண்டே போகிறான். உணர்ச்சியற்றவனோ முதல் அடியைப் போலவே பதினாயிரமாவது அடியையும் எடுத்து வைக்கிறான்.

வேலூருக்கு அருகே கரிகிரியில் 1950-களில் தோன்றிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையத்தில், வைத்தியத்தோடு செருப்புப் பட்டறையும் ஓர் அங்கமாகவே வளர்ந்தது. நுண்ணறைகள் கொண்ட மைக்ரோசெல்லுலார் ரப்பரை, எம்.சி.ஆர். என்று இன்று எல்லா ஆஸ்பத்திரிகளிலும் வழங்கும் அந்தப் பொருளை, மேலே மிருதுவாக வைத்து, கீழே முள் தைக்காத கடின ரப்பரை அமைத்துச் செருப்புகள் செய்யப்பட்டன. மருந்தால் ஆறாத புண்கள் செருப்பால் ஆறின என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆயினும் ஆறிய புண் திரும்ப வராமல் தடுத்ததில் அந்தச் செருப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே நோயாளிகளுக்குக் கற்பிக்கப்பட்ட பழக்கங்கள் இரண்டு: செருப்பைப் போடுமுன் உட்புறத்தைக் கையால் தடவிப் பார்ப்பது, நடந்து வந்தபின் பாதத்தைத் தொட்டு, எந்த இடம் மற்ற இடங்களைவிடச் சூடாகவோ சிவந்தோ இருக்கிறது என்று கவனிப்பது. வலி சொல்ல வேண்டியதை அங்கே சூடு சொல்லிற்று.

நீரிழிவினால் பாத உணர்ச்சி மங்கியவர்கள் நம் குடும்பங்களிலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வேகநடை போடும் நடுவயதினரைப் பற்றி முதலிலேயே குறிப்பிட்டது இந்த நினைவோடுதான். அவர்களுக்கு, தேய்ந்த ஷூவைப் பற்றிப் பாதம் ஒருபோதும் புகார் சொல்லாது. கரிகிரியின் அந்த இரண்டு பழக்கங்களையும் அவர்கள் தினந்தோறும் கைக்கொள்ள வேண்டும், ஷூவின் உயிர் போயிற்றா என்ற சந்தேகம் வந்த அன்றே, இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்று தள்ளாமல் மாற்றிவிட வேண்டும், எம்.சி.ஆர். செருப்பு வேண்டுமா என்று வைத்தியரைக் கேட்கவும் வேண்டும். மகனுடைய பழைய ஓட்ட ஷூவைத் தகப்பனார் நடைக்கு எடுத்துக்கொள்வது நம் வீடுகளில் இயல்பாக நடப்பது. சிக்கனம் நல்ல குணந்தான், எனினும் மகன் ஓடித் தேய்த்த அதே ஷூ சர்க்கரை வியாதியுள்ள தகப்பனாருக்கு அபாயமானது.

எப்போது மாற்றுவது?

உலகெங்கும் ஓட்டக்காரர்கள் சொல்லும் கணக்கு 500-லிருந்து 800 கிலோமீட்டர். இதை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்வதில்லை. வாசகரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கனத்த சரீரமுள்ளவர், குதிகாலை ஓங்கி ஊன்றி ஓடுகிறவர், சிமெண்டுச் சாலையில் மட்டுமே ஓடுகிறவர் 500-ஐ நெருங்கும்போதே விழிப்பாக இருக்கலாம்; மெலிந்தவர், மண் தரையில் ஓடுகிறவர், இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிகிறவர் 800 வரை போகலாம். சிப்காட் வளாகங்களின் உட்சாலைகளும் நெடுஞ்சாலையின் சர்வீஸ் சாலைகளும் கடினமானவை. ஏரிக்கரை மண்ணும் பள்ளிக்கூட கிரவுண்டும் பாதத்துக்கும் ஷூவுக்கும் தயை உள்ளவை. எப்படியானாலும் கணக்கு ஒன்று இருந்தால்தான் அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். புது ஷூ வாங்கிய அன்று அதன் நாக்கின் உட்புறத்தில் அழியாத பேனாவால் தேதியை எழுதிவிடுங்கள். நாளொன்றுக்கு ஐந்து கிலோமீட்டர், வாரத்தில் ஆறு நாள் ஓடுகிறவருக்கு மாதம் சுமார் 125 கிலோமீட்டர் ஆகும். நான்கு மாதத்தில் 500 வந்துவிடுகிறது. தேர்வுக்குப் பத்து மாதம் பயிற்சி செய்யும் பிள்ளைக்கு ஒரே ஜோடி போதாது என்பது இந்தச் சிறு கணக்கிலேயே விளங்கிவிடும். மூவாயிரம் ரூபாய் ஷூ 600 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய். ஒப்பந்தத் தொழிலாளியின் குடும்பத்துக்கு இது அற்பத் தொகை அல்ல என்பதை நான் அறிவேன். அறிந்தே சொல்கிறேன்: பயிற்சிச் செலவு என்று உணவுக்கும் புத்தகத்துக்கும் ஒதுக்குவதைப்போல் இதற்கும் முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

கணக்கு வைக்காதவர்கள் கையையும் கண்ணையும் கொண்டு பரிசோதிக்கலாம். ஷூக்களை மேஜைமீது வைத்து, பின்பக்கத்திலிருந்து கண்ணை அதே மட்டத்தில் வைத்துப் பாருங்கள். குதிகால் பாகம் உட்புறமாகவோ வெளிப்புறமாகவோ சாய்ந்து நின்றால் மிட்சோல் ஒரு பக்கம் அமுங்கிவிட்டது. இதைவிட நம்பகமான அடையாளம் வேறில்லை என்பேன். பக்கவாட்டில் நுரையில் கிடைக்கோடுகளாகச் சுருக்கங்கள் ஓடுவதையும், பாரமில்லாதபோதும் அவை விரியாமல் நிலைத்திருப்பதையும் கவனியுங்கள். இன்சோலை எடுத்துவிட்டுக் குதிகால் விழும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். விளிம்பிலுள்ள நுரை இடம் கொடுப்பதுபோல் நடுவிலுள்ளது கொடுக்கவில்லையானால் அங்கே அறைகள் மடிந்துவிட்டன. அவுட்சோலின் கருப்பு ரப்பர் தேய்ந்து உள்ளிருக்கும் வெளிர்நிற நுரை எட்டிப்பார்த்தால் ஆராய்ச்சியே தேவையில்லை. கடையில் அதே மாதிரிப் புது ஜோடி கிடைத்தால் ஒரு காலில் பழையதும் மறு காலில் புதியதுமாக நாலடி நடந்து பார்ப்பது எல்லாவற்றிலும் சிறந்த சோதனை. உடம்பு பழகி மறைத்துவிட்டதை அந்த நாலடி வெளிப்படுத்திவிடும்.

சோல் ஒட்டித் தரும் தொழிலாளரிடம் கொடுத்து அடியில் புது ரப்பர் தைத்துக்கொண்டால் ஆயுள் நீளாதா என்று சிலர் கேட்பார்கள். நடப்பதற்கு நிச்சயமாக நீளும். அந்தத் தொழிலாளரின் கைவேலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஓடுவதற்கு உதவாது. போன உயிர் நடுவில் இருக்கிறது. கீழே ரப்பரும் மேலே புது இன்சோலும் அதைத் திருப்பித் தரா. பிரசித்தமான கம்பெனியின் சின்னத்தைப் பொறித்து ஐந்நூறு ரூபாய்க்குச் சாலையோரத்தில் விற்கப்படும் போலி ஷூக்களில், தடித்துத் தெரியும் மிட்சோல் பல சமயங்களில் கடின பிளாஸ்டிக்காகவே இருக்கும். முதல் நாளிலேயே இறந்த ஷூ அது.

உடம்பு தரும் எச்சரிக்கையும் உண்டு. பயிற்சியின் தூரத்தையோ வேகத்தையோ கூட்டாதிருக்கும்போதே, கணுக்காலுக்கு மேல் எலும்பின் ஓரத்தில் வலி, காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலில் சுரீர் என்ற வலி, முழங்காலைச் சுற்றிப் புதிதாக ஒரு நோவு என்று ஏதேனும் தலைகாட்டினால், ஷூவின் நாக்கில் எழுதிய தேதியைப் பாருங்கள். புது ஷூவில் இரண்டு வாரத்துக்குள் வலி தணிந்தால் காரணம் தெரிந்துவிட்டது. தணியாவிட்டால் வைத்தியரிடம் போக வேண்டும். ஷூவை மாற்றுவது வைத்தியம் ஆகாது. எலும்பின் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் துடிக்கும் வலி நுண்முறிவாக இருக்கலாம். அதை வைத்துக்கொண்டு ஓடக்கூடவே கூடாது. சிறு வயது முதல் வெறுங்காலில் ஓடிப் பழகியவர்களுக்கு இந்தக் கவலை வேறு விதமானது. 1960-இல் ரோமில் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தானில் வென்றதைக் காட்டி, பத்து வருஷம் ஷூவில் பழகிய பாதத்தைத் திடீரென்று தார்ச்சாலையில் இறக்கிவிடுவது விவேகம் அன்று.

நம் சீதோஷ்ணமும் ஷூவுக்குச் சத்துரு. தொழிலாளர் பலர் சேர்ந்து தங்கும் அறைகளில், வியர்வையில் நனைந்த ஷூவைத் தகரக் கூரைமேல் காயவைப்பது வழக்கம். சித்திரை வெயிலில் அந்தத் தகரத்தின் சூடு இ.வி.ஏ.வைச் சுருக்கவும் பசையை இளக்கவும் போதுமானது. ஐப்பசி கார்த்திகை மழையில் நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, தாள் ஈரம் குடித்தபின் மாற்றி, நிழலில் காற்றாட வைப்பதே முறை. இன்னொரு விசித்திரமும் உண்டு: பாலியூரித்தேன் சோல் கொண்ட ஷூவைப் புதிதாக வாங்கிப் பெட்டியிலேயே பத்திரப்படுத்தி வைத்தால், கடற்கரை நாட்டின் ஈரக்காற்றே அதைச் சில வருஷங்களில் உள்ளிருந்து சிதைத்து, எடுத்துப் போட்ட அன்று அடி பொடிப்பொடியாக உதிரச் செய்துவிடும். உபயோகிக்காமல் இருப்பதும் அந்த ஷூவுக்கு ஒரு தேய்மானமே.

இந்தப் பிரதேசத்தின் தொழிலாளர் காலில் ஓட்ட ஷூவைவிட அதிக நேரம் இருப்பது கம்பெனி கொடுக்கும் சேஃப்டி ஷூ. அதன் சோல் பெரும்பாலும் இந்தப் பாலியூரித்தேனால் ஆனது. ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தரநிர்ணயம் அதன் முன்பக்கத்து இரும்புக் கவசம் எவ்வளவு மோதலைத் தாங்க வேண்டும் என்று விதிக்கிறது. இரும்பு வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். எட்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் நின்று உழைக்கும் பாதத்துக்கு அடியிலுள்ள மென்மையோ முன்னதாகவே போய்விடும். வருஷத்துக்கு ஒரு ஜோடி என்ற கணக்கு, உட்கார்ந்து வேலை செய்கிறவருக்கும், பண்டகசாலையில் ஷிஃப்ட் முழுவதும் சாமான்களை எடுத்து நடந்தபடி இருக்கிறவருக்கும் ஒன்றாகவே இருப்பது நியாயம் ஆகாது. இயந்திரத்தின் பெல்ட்டுக்கு ஓடிய மணிநேரத்தைக் கணக்கிடும் அதே அட்டவணையில் நடந்த தூரத்துக்கும் ஒரு கட்டம் போட்டால், அதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். நிர்வாகங்களும் ஒப்பந்தக்காரர்களும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் மனப்பூர்வமாக வற்புறுத்துகிறேன்.

இதற்கான அறிவு தூரதேசத்திலிருந்து வர வேண்டியதில்லை. செய்யாற்றுச் சிப்காட்டில் தைவான் நாட்டு ஃபெங் டே நிறுவனம் நைக்கி ஷூக்களைத் தயாரிக்கிறது. அங்கே தைத்தும் ஒட்டியும் உழைப்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களின் பெண்கள். மாநில எல்லையைத் தாண்டினால் தடாவில் அடிடாஸ் ஷூக்கள் தயாராகின்றன. 1948-இல் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அடையாற்றில் இருக்கிறது. மண்ணூருக்கு அண்டையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையிலோ, 2017-ஆம் வருஷத்துச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற காலணி வடிவமைப்பு, அபிவிருத்திக் கழகத்தின் வளாகமே அமைந்திருக்கிறது. ஷூ செய்யத் தெரிந்த கைகளும், அதைச் சோதிக்கத் தெரிந்த மூளைகளும், அதை அணிந்து ஓடும் கால்களும் ஒரு நாள் பிரயாணத்துக்குள் அடங்கிய இந்த வட்டாரத்தில், அமுங்கிய மிட்சோலைக் காட்டிக்கொடுக்கும் எளிய அடையாளம் ஒன்றை, டயரின் அந்தச் சிறு மேட்டைப்போல், ஷூவின் பக்கச்சுவரிலேயே பதித்துத் தர யாரேனும் ஒரு மாணவர் முயலக்கூடாதா? அது கைகூடினால், மூவாயிரம் ரூபாய் ஷூ வாங்குகிற பிள்ளைக்கு அதனால் விளையும் நன்மை சாமானியமானதாக இராது.

அதுவரையில் இரண்டு ஜோடிகளை மாற்றி மாற்றி அணிவது நல்ல உபாயம். லக்ஸம்பர்க்கில் 264 ஓட்டக்காரர்களை 22 வாரம் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியில், ஒன்றுக்கு மேற்பட்ட ஷூக்களை மாற்றி அணிந்தவர்களுக்குக் காயம் நேரும் வாய்ப்பு 39 சதவீதம் குறைந்து காணப்பட்டது. பாரம் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழாமல் மாறுவது அதற்குக் காரணமாகலாம். வேலூரில் பிராண்ட் சொன்னதும் ஏறக்குறைய இதையேதான். இரண்டையும் ஒரே சமயத்தில் வாங்க வேண்டியதில்லை. முதல் ஜோடி 300 கிலோமீட்டரைத் தாண்டும்போது இரண்டாவதை வாங்கி, வாரத்தில் இரண்டு நாள் அதில் ஓடி, மெல்ல நாட்களைக் கூட்டி வந்தால், பழையது ஓய்வு பெறும் வேளையில் புதியது பாதத்துக்குப் பழகியிருக்கும். தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்: தேர்வு நாளுக்கென்று முதல் நாள் சாயங்காலம் கடைக்குப் போய்ப் புது ஷூ வாங்கிக் கட்டிக்கொண்டு 1500 மீட்டர் ஓடப் புறப்படாதீர்கள்; கடைசி ஜோடியை ஒன்றரை மாதத்துக்கு முன்பே வாங்கி, நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடி, எங்கே உராய்கிறது, கயிற்றை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டபின் அதோடு மைதானத்துக்குப் போங்கள்.